எல்லைக்கோடும் எங்கள் வீட்டு வழக்கும்

1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. அதே நாளில் செங்கல்பட்டு மாவட்டத்தின் பொன்னேரி, திருவள்ளூர் தாலுகாக்களிலிருந்து பல கிராமங்கள் ஆந்திராவுக்குப் போயின. சத்தியவேட்டுப் பக்கம் இருந்த எங்கள் ஊர் போனவற்றில் ஒன்று. வந்த கதை புத்தகங்களில் இருக்கிறது. போன கதைக்கு ஒரு வரி கிடைத்தால் பெரிது.

கோடு போட்ட முறையில் குற்றம் சொல்ல முடியாது. எல்லையைத் தீர்மானித்த படாஸ்கர் கிராமத்தை அலகாக வைத்துக்கொண்டு, அங்கே எந்த மொழிக்காரர் அதிகம், ஊர் எந்தப் பக்கத்தோடு ஒட்டிக் கிடக்கிறது என்று பார்த்தார். ஆனால் எங்கள் பக்கத்தில் அடுப்படியில் தமிழும் களத்துமேட்டில் தெலுங்கும் பேசுவோம். எங்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

அப்பா, வடக்கெல்லைக்காகப் போராடிய ம.பொ.சி.யின் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர். ஊர் கைமாறியது கடைசிவரை அவருக்கு ஆறாத புண். நிலவரி ரசீது தெலுங்கில் வரும்போதெல்லாம் வீட்டில் அன்று சோறு இறங்காது. அம்மா அப்படியில்லை. முன்பு போலவே வேர்க்கடலை மூட்டையை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊத்துக்கோட்டைக்குப் போவார், காசோடு திரும்புவார். “நம்ம ஊடு எங்கியும் போவலியே, இன்னாத்துக்கு இந்தப் பொலம்பல்?” என்பார்.

கேட்பவர்கள் அம்மாவைத்தான் கெட்டிக்காரி என்பார்கள். நான் முழுக்க ஒப்புக்கொள்ள மாட்டேன். பள்ளியில் நான் படித்தது தெலுங்கு. ராத்திரி சிம்னி விளக்கடியில் உட்காரவைத்து அ, ஆ எழுதப் பழக்கியது அப்பாவின் கோபம்தான். ஊத்துக்கோட்டைக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இன்று இதைத் தமிழில் எழுதுகிறேன் என்றால், அந்தப் புலம்பலின் தயவு.

வேடிக்கை என்னவென்றால், கிருஷ்ணா தண்ணீர் வந்தபோது அப்பாவும் அம்மாவும் இடம் மாறிக்கொண்டார்கள். எம்.ஜி.ஆரும் என்.டி.ஆரும் 1983-இல் செய்த ஒப்பந்தத்தின் தண்ணீர் அது. மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் தலைக்கு 5 டி.எம்.சி. விட்டுக்கொடுத்து, ஆவியாகும் 3 போக 12 டி.எம்.சி. சென்னைக்கு என்பது கணக்கு. ஸ்ரீசைலத்தில் புறப்பட்டு, சோமசிலா, கண்டலேறு கடந்து, 1996-இல் ஊத்துக்கோட்டை அருகே தமிழ்நாட்டு எல்லையான ஜீரோ பாயிண்டைத் தொட்டது. பூண்டிக்கு அங்கிருந்து இன்னும் 25 கிலோமீட்டர். எங்கள் வீட்டுக்கு வந்திருந்த அப்பா கரையில் நின்று பார்த்துவிட்டு, “நெலத்த எடுத்துக்கினாங்க, தண்ணியா திருப்பிக் குடுக்கறாங்க” என்றார். முகத்தில் அப்படி ஒரு தெளிவை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அம்மாவுக்கோ எரிச்சல். “நமக்கா வருது? மெட்ராசுக்குப் போவுது. ஒரு கொடம் மொள்ள முடியுமா?”

ஆரம்பத்தில் சென்னைக்கும் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. மண் கால்வாய், வழியெல்லாம் கசிந்தது. பொறியாளர் கணக்கில் அது இழப்பு, கரையோரக் கிணற்றுக்காரருக்கு வரும்படி. புட்டபர்த்தி சாய்பாபா 2002-இல் முன்வந்து கால்வாயைச் சீர்செய்து கொடுத்த பிறகு கசிவு குறைந்து வரத்து கூடியது. சென்னை அவரை வாழ்த்தியது. அந்தக் கிணற்றுக்காரர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று யாரும் போய்க் கேட்கவில்லை.

ஊத்துக்கோட்டைக்கு ஆந்திரத் தண்ணீர் இன்னொரு வழியாகவும் வரும். கிருஷ்ணா நீர் ஜீரோ பாயிண்டை எட்டினால் அதிகாரிகள் பூத் தூவுவார்கள். ஆந்திரத்தின் பிச்சாட்டூர் அணை திறந்தால் ஆரணியாற்றங்கரைக்கு வெள்ள எச்சரிக்கை. பழைய தரைப்பாலம் மூழ்கி, ஆற்றுக்கு இக்கரையும் அக்கரையும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்ற மழைக்காலங்கள் எத்தனையோ.

1960-இல் கோடு மாறியதைக் கண்ணால் பார்த்த பெரியவர்கள் இரண்டு பக்கமும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள். சிரித்துக்கொண்டே சொல்பவரிடம் மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். திட்டிக்கொண்டு சொல்பவரிடமும் கேளுங்கள்.