எம்டன் எனும் சொல்லும் சில நிழற்படங்களும்

மதுக்கரை கடலறியாத ஊர். சுண்ணாம்புப் பாறையும், சிமெண்டு ஆலையும், பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்றுமே இவ்வூரின் அடையாளங்கள். மேற்குக் கடற்கரையைக் காண வேண்டுமாயின் நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்ய வேண்டும். ஆயினும், கடற்போரில் பிறந்த ஒரு சொல் இங்கும் முதியவர் நாவில் வழங்கி வருகிறது. தந்திரம் மிக்க ஒருவரைப் பற்றிப் பேசும்போது, "அவன் சரியான எம்டன்" என்கிறார்கள். எமனோடு தொடர்புடைய சொல் என்றே பலரும் எண்ணுகின்றனர். அது ஒரு ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர் என்பதை அறிந்தோர் குறைவு. அக்கப்பலைப் பற்றிச் சொல் கூறும் செய்தி ஒன்று. பழைய நிழற்படங்கள் கூறும் செய்தி வேறொன்று. இவ்விரண்டையும் அருகருகே வைத்துச் சிந்திப்பது பயனுடையது என நாம் கருதுகிறோம்.

1908-ஆம் ஆண்டு டான்சிக் நகரில் வெள்ளோட்டம் விடப்பட்ட எம்டன், சீனக் கரையோரம் சிங்தாவ் துறைமுகத்தைத் தளமாகக் கொண்டிருந்தது. 1914-இல் முதல் உலகப் போர் மூண்டதும், கார்ல் ஃபான் முல்லர் எனும் தலைவரின் கீழ் அது தன்னந்தனியே இந்தியப் பெருங்கடலுக்குள் நுழைந்தது. அதன் புகைபோக்கிகள் மூன்று. எதிரியின் கண்ணை மறைக்க நான்காவதாகப் போலிப் புகைபோக்கி ஒன்றையும் அமைத்து, ஆங்கிலேயக் கப்பல்போல் தோற்றம் கொண்டது. இரண்டே மாதங்களில் இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களைப் பிடித்தது.

1914 செப்டம்பர் 22 இரவு ஒன்பது மணிக்குப் பின் அக்கப்பல் சென்னைக் கரையை நெருங்கியது. போர்க்காலமாயினும் நகரில் விளக்குகள் வழக்கம்போல் ஒளிர்ந்துகொண்டிருந்தன. அரைமணி நேரத்திற்குள் ஏறத்தாழ 130 குண்டுகள் பொழிந்தன. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் இரண்டு தீப்பற்றி எரிந்தன. துறைமுகத்தில் நின்ற வணிகக் கப்பலொன்றும் தாக்குண்டது. உயிரிழந்தோர் ஒருசிலரே, ஆனால் அச்சத்திற்கு எல்லை இல்லை. மக்கள் ஆயிரக்கணக்கில் நகரைவிட்டு உள்நாட்டை நோக்கி ஓடினர். ஓடியவர்களோடு அச்சொல்லும் ஊர் ஊராகப் பயணம் செய்தது போலும்! குண்டு விழுந்ததன் நினைவாக இன்றும் உயர் நீதிமன்ற வளாகச் சுவரில் ஒரு கல்வெட்டு உண்டு.

அந்நாளைய கருவிகளால் இருட்டில் படமெடுப்பது மிகக் கடினம். எனவே நமக்குக் கிடைக்கும் சென்னைப் படங்களில் எம்டன் இல்லை. விடிந்தபின் தொட்டிகளிலிருந்து எழுந்த கரும்புகையே காணப்படுகிறது. அச்சத்தின் உண்மையான வேளை படத்திற்குள் அகப்படவில்லை. அதனைச் சொல் காத்து வைத்தது. ஆனால் சொல்லுக்கு முகமில்லை. எம்டனுக்குள் மனிதர் இருந்தனர் என்பதை அது நமக்கு உணர்த்துவதே இல்லை.

அதை உணர்த்துபவை நிழற்படங்களே. அக்காலக் கடற்படைப் படங்களில் அடிக்கடி காணக்கூடிய காட்சி ஒன்று உண்டு: நிலக்கரி ஏற்றும் காட்சி. மூட்டை மூட்டையாகக் கரி சுமந்து, தலை முதல் கால்வரை கறுத்து, பற்களும் கண்களும் மட்டும் வெளுத்துத் தெரிய நிற்கும் இளைஞர்கள்! கரியின்றிக் கப்பல் நகராது. நட்புத் துறைமுகம் ஏதுமற்ற எம்டன், உடன்வந்த 'மார்க்கோமானியா' எனும் கப்பலிலிருந்தும், பிடிபட்ட கப்பல்களிலிருந்தும் கரியை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. வெப்பமண்டல வெயிலில் அவ்வேலை போரினும் கடிது. அக்டோபரில் அது டியகோ கார்சியா தீவை அடைந்தபோது, போர் மூண்ட செய்தியே அங்கு எட்டியிருக்கவில்லை. தீவினர் அவர்களை விருந்தினராகவே வரவேற்றனர்.

அம்மாத இறுதியில் பினாங்கில் ரஷ்யக் கப்பலொன்றையும் பிரெஞ்சுக் கப்பலொன்றையும் எம்டன் மூழ்கடித்தது. ஆயினும் நீரில் தத்தளித்த பிரெஞ்சு மாலுமிகளை மீட்டது. அழித்ததும் அதே கைகள். கரையேற்றியதும் அதே கைகள். இவ்விரண்டில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பது வரலாறாகாது.

நவம்பர் 9 அன்று கொக்கோஸ் தீவுகளில் முடிவு வந்தது. அங்கிருந்த தந்தி நிலையத்தை அழிக்க ஹெல்முத் ஃபான் மூக்கெ தலைமையில் ஏறத்தாழ ஐம்பது பேர் கரையிறங்கினர். நிலையத்தார் அதற்குள் செய்தி அனுப்பிவிட்டனர். ஆஸ்திரேலியக் கப்பலான 'சிட்னி' விரைந்து வந்தது. சிட்னியில் மாண்டோர் நால்வர். எம்டனில் மாண்டோர் 130-க்கும் மேற்பட்டோர். கரையிறங்கியவர்கள் 'ஆயிஷா' எனும் பாய்மரக் கப்பலில் தப்பி, 1915-இல் துருக்கி நாட்டுத் தலைநகரை அடைந்தனர்.

பவளப்பாறைமீது மோதி உடைந்து கிடக்கும் எம்டனின் படங்களும், கரையிறங்கிய வீரர் படகேறும் படங்களும் இன்றும் காணக் கிடைக்கின்றன. அவற்றை உற்று நோக்குவோர் எமனைக் காண்பதில்லை. களைத்துப்போன இளைஞரையே காண்கின்றனர்.

இக்கப்பலைப் பற்றி நம் தமிழர் கொண்ட நினைவு அச்சம் மட்டுமன்று. விடுதலை வீரர் செண்பகராமன் பிள்ளை அதில் வந்தார் என்ற செய்தியும் பரவிற்று, இன்றும் எழுதப்படுகிறது. ஆய்வாளர் பலர் இதனை ஏற்பதில்லை. ஆயினும், ஆங்கிலேயரை நடுங்க வைத்த கப்பலில் தம்மவர் ஒருவர் இருந்திருக்க வேண்டும் என மக்கள் விரும்பினர் என்பது உண்மை. ஒருவர் முகத்தை அது இல்லாத இடத்திலும் காண விழைவது மனித இயல்பு.

ஆனால் எவர் முகத்தைக் காண விழைந்தோம், எவரை மறந்தோம் என்பதே நம்மை உறுத்தும் வினா. முல்லரின் படம் உண்டு. அவர் 1923-இல் இறந்தார் என்பதும் பதிவாகியுள்ளது. எரிந்த தொட்டிகளின் படமும் உண்டு. அவ்விரவு சென்னையில் மாண்டவரை மட்டும் அப்படங்கள் காட்டுவதில்லை. ஒரு தொட்டிக்குக் கிடைத்த இடம் ஒரு மனிதனுக்குக் கிடைக்கவில்லை.

இது பழங்கதை என ஒதுக்கத்தக்கதன்று. கடலற்ற கோவையிலேயே, ரெட்ஃபீல்ட்சு பகுதியில், மாலுமிகளுக்குத் தலைமைப் பண்பு பயிற்றும் 'ஐ.என்.எஸ். அக்ரணி' இயங்கி வருகிறது. 1978-இல் சட்டப்படி நிறுவப்பட்ட இந்தியக் கடலோரக் காவல் படையிலும், கடற்படையிலும், தரைப்படையிலும் பணியாற்றியோரின் படங்கள் கொங்கு நாட்டு இல்லங்களிலும் மாட்டப்பட்டுள்ளன. சீருடையில் நிற்கும் அவர்களுக்கு அருகில் நிற்பவர் யார், எந்தக் கப்பல், எந்த ஆண்டு என்பதை வீட்டின் மூத்தவர் ஒருவரே அறிந்திருப்பார். அவர் மறைந்தால் படம் ஊமையாகிவிடும்.

எனவே நாம் வேண்டுவது சிறியதே. மூத்தோர் உள்ளபோதே கேட்டறிந்து, படத்தின் பின்புறம் பெயரையும் ஊரையும் ஆண்டையும் எழுதி வையுங்கள். தலைவரின் பெயரோடு அடுப்பறையில் நின்றவரின் பெயரையும், கரி சுமந்தவரின் பெயரையும் எழுதுங்கள். கப்பலின் பெயரைச் சொல்லாக்கிக் காக்க ஒரு நாட்டுக்கே முடிந்ததென்றால், ஒரு மனிதனின் பெயரைக் காக்க ஒரு குடும்பத்திற்கு முடியாதா?