கோவில்பட்டித் தூரிகையும் மாதச் சம்பளமும்

சித்திரம் எழுதிப் பிழைப்பவன் ஒரு நிலையத்தில் மாதச் சம்பளத்துக்கு அமர்வது நல்லதா, வீட்டிலிருந்தபடியே வந்த வேலையை வாங்கிச் செய்வது நல்லதா என்ற கேள்வி நம் காலத்து இளைஞர்களுக்கு மட்டுமே உரியது என்று நினைப்பவர்கள், ரவிவர்மாவின் சரித்திரத்தை எழுதியவர்கள் சொல்லும் ஒரு பழைய சம்பவத்தைக் கேட்டால் தங்கள் அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ளக்கூடும். திருவனந்தபுரத்தில் ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் ஆதரவில் அரண்மனை ஓவியராக இருந்தவர் மதுரையைச் சேர்ந்த ராமசாமி நாயக்கர். எண்ணெய் வர்ணத்தைக் குழைத்துத் தீட்டும் வித்தை அந்நாளில் தென்னாட்டில் மிகச் சிலருக்கே கைவந்திருந்தது. அச்சிலரில் அவரும் ஒருவர். கிளிமானூரிலிருந்து வந்து சேர்ந்த சிறுவன் ரவிவர்மாவுக்கு அதைக் கற்பிக்க அவர் மறுத்துவிட்டார் என்றும், அவருடைய சிஷ்யர் ஆறுமுகம் பிள்ளை குருவுக்குத் தெரியாமல் சில நுணுக்கங்களைச் சொல்லிக் கொடுத்தார் என்றும் சொல்வார்கள். நாயக்கரை லோபி என்று வைவது சுலபம். ஆனால் அரண்மனை ஒன்று, ஆஸ்தானம் ஒன்று, அதற்குரிய படி ஒன்று என்றிருந்த ஊரில், ராஜகுடும்பத்துக்கு வேண்டிய ஒரு பையன் தன் வித்தையையும் கற்றுக்கொண்டால் தன் கதி என்னவாகும் என்று ஒரு சம்பளக்காரர் அஞ்சியதில் ஆச்சரியப்பட எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அந்தப் பையன் வளர்ந்து எந்த ஆஸ்தானத்திலும் கட்டுண்டு கிடக்காமல், தம்பி ராஜராஜவர்மாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு மைசூர், பரோடா, பம்பாய் என்று ஊர் ஊராகச் சென்று, கேட்டவர்களுக்குப் படம் எழுதிக் கொடுத்துப் பெரும்பொருள் ஈட்டினார். இந்தியாவில் சுயேச்சையாகத் தூரிகை பிடித்தவர்களுக்கு அவரையே முன்னோடி என்று கொள்ளலாம். ஆனால் அவருக்கும் 1894-ல் பம்பாயில் ஓர் அச்சுக்கூடம் தொடங்கி, ஜெர்மன் தொழில்நுணுக்கக்காரர்களை வரவழைத்து, பின்னர் அதை லோனாவ்லாவுக்கு அருகிலுள்ள மளவ்லிக்கு மாற்றி, கடன்பட்டு, கடைசியில் பிரிட்ஸ் ஷ்லைகர் என்ற ஜெர்மானியரிடமே அதை விற்றுவிட நேர்ந்தது. பிறரிடம் கைகட்டி நிற்காதிருப்பது ஒரு சாமர்த்தியம். பிறருக்குச் சம்பளம் கொடுப்பது முற்றிலும் வேறொரு சாமர்த்தியம்.

தமிழ்நாட்டில் இந்தப் பிரச்சினை முழு உருவத்தோடு நமக்குத் தெரிவது கோவில்பட்டியில்தான். 1898-ல் பிறந்து சென்னைக் கலைப்பள்ளியில் பயின்ற கொண்டையராஜு, உத்தியோகத்தில் மனம் பற்றாமல் திருவண்ணாமலைக்குப் போய் ரமணாசிரமத்தில் சில காலம் இருந்தார்; அங்கிருந்தும் தூரிகைதான் அவரை வெளியே அழைத்து வந்தது. பிறகு அவர் சேர்ந்தது ஒரு நாடகக் கம்பெனியில், சீன் எழுதுபவராக. அந்நாளையக் கம்பெனிகளில் சீன் எழுதுவதென்பது சாமானியமான வேலையன்று. தர்பார், தெரு, காடு, நந்தவனம், கைலாசம் என்று ஒவ்வொன்றுக்கும் மேடையின் அகலத்துக்குத் துணியைத் தைத்து, பொடிவர்ணத்தை வஜ்ஜிரத்தோடு கலந்து, பகலில் பார்க்க முரட்டுத்தனமாகத் தோன்றினாலும் இரவு காஸ் விளக்கின் வெளிச்சத்தில் பளிங்குத் தூணாகவும் மாணிக்கச் சிம்மாசனமாகவும் மாறும்படி எழுத வேண்டும். படுதாவைச் சுருட்டி விரிக்கும்போது வர்ணம் உதிர்ந்தால் உதிர்ந்த இடத்தை மறுநாள் மீண்டும் தீட்ட வேண்டும். சாப்பாடு கம்பெனியில், படுக்கை கம்பெனியில், சம்பளம் வசூலைப் பொறுத்தது. 1940-களின் முற்பகுதியில் கோவில்பட்டிக்கு வந்த கம்பெனி அங்கேயே கலைந்து போயிற்று. நடிகர்கள் வேறு கம்பெனி தேடிப் போனார்கள். கொண்டையராஜு அந்த ஊரிலேயே தங்கினார். ஆகவே, அவர் சுயேச்சையைத் தேடிப் போய் அடைந்தார் என்பதைவிட, சம்பளம் கொடுத்துவந்த ஸ்தாபனம் காலுக்கடியிலிருந்து நழுவியதால் சுயேச்சை அவர்மேல் வந்து விழுந்தது என்பதே பொருத்தம்.

ஊரும் அவருக்கு வாய்ப்பாக அமைந்தது. கோவில்பட்டியும் சிவகாசியும் தீப்பெட்டி பூமி. மழை குறைந்த அந்தக் கரிசல் வறட்சி விவசாயிக்குச் சாபமென்றால் தீக்குச்சிக்கும் அச்சுத்தாளுக்கும் வரம். 1923-ல் கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலை ஊன்றியதும், பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது; லேபிளுக்கு லித்தோ அச்சு வேண்டியிருந்தது; அச்சு வந்த பிறகு லேபிளோடு நிற்பானேன் என்று காலண்டரும் வந்தது. கடைக்காரர் தம் பெயரைப் போட்டு வாடிக்கைக்காரருக்கு இனாமாகக் கொடுக்கும் காலண்டரில் சாமி படம் இருந்தால் வருஷம் முடிந்தாலும் சுவரிலிருந்து இறங்காது, சட்டம் போட்டுப் பூஜையறைக்குப் போய்விடும் என்பதை அச்சுக்கூட முதலாளிகள் விரைவில் கண்டுகொண்டார்கள். அந்தச் சாமிகளுக்கு முகமும் மேனியும் தந்தவர்களில் முதன்மையானவர்கள் கோவில்பட்டியில் கொண்டையராஜு தொடங்கிய தேவி ஆர்ட் ஸ்டூடியோவும், அவரைச் சுற்றித் திரண்ட டி. எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம், டி. எஸ். அருணாசலம் முதலான சிஷ்யர்களும்.

இங்கே ஒரு விஷயத்தைச் சற்று அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரே மீனாட்சியின் படம் இரண்டு விதமான ஓவியர்களின் கைபட்டுத்தான் நம் வீட்டுக்கு வந்தது. வர்ணப்படத்தை முழுமையாக எழுதியவர் தம் இருப்பிடத்தில், தமக்கிசைந்த வேளையில், பெயரையும் கீழே பொறித்து எழுதினார். அது அச்சுக்கூடத்துக்குப் போனதும், அங்கே தினமும் மணி அடித்ததும் வந்து உட்காரும் லித்தோ ஓவியர், அந்தப் படத்தில் மஞ்சள் எங்கெங்கே இருக்கிறது, சிவப்பு எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று கண்ணாலேயே பிரித்து, வர்ணத்துக்கு ஒரு கல்லாகவோ தகடாகவோ எடுத்துக்கொண்டு, கொழுப்புள்ள மையில் பேனாவைத் தோய்த்து, வலம் இடமாகவும் இடம் வலமாகவும் மாறிய உருவத்தைப் புள்ளி புள்ளியாக வைத்து நிரப்பினார். தேவியின் கன்னத்தில் நாம் காணும் அந்த மெல்லிய சிவப்பு மறைவில் இருந்த மனிதரின் புள்ளிகளால் ஆனது. ஒரு கல்லில் கை பிசகினால் மற்றக் கற்களில் பட்ட பாடெல்லாம் வீண். ஆயினும் அவர் பெயர் எந்தக் காலண்டரிலும் இல்லை. காமிரா மூலம் வர்ணம் பிரிக்கும் ஆப்செட் முறை வந்தவுடன் முதலில் தொழில் இழந்தவரும் அவரே. நிலையான வேலை என்று எதை அவர் நம்பினாரோ அதை ஓர் இயந்திரம் எடுத்துக்கொண்டது. நிலையில்லாத வேலையில் இருந்த கோவில்பட்டிக்காரரோ அதற்குப் பிறகும் எழுதிக்கொண்டிருந்தார்.

இதைக் கொண்டு சுயேச்சையின் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிடலாமா என்றால், அவசரப்படக் கூடாது. சிவகாசி அச்சுக்கூடங்கள் மறு வருஷத்துக்குரிய காலண்டர் ஆல்பத்தை ஆடிப்பெருக்கன்று வெளியிடுவது அவ்வூர்ச் சம்பிரதாயம். ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஏஜெண்டுகள் கடைகடையாக ஏறி ஆர்டர் பிடித்துவர, மார்கழி வரை இயந்திரங்களுக்கு ஓய்விருக்காது. இந்த ஒழுங்கில், ஆடிக்கு முன்பு படத்துக்காக ஆள்மேல் ஆள் அனுப்பும் முதலாளிக்கு, ஆல்பம் கட்டிய பிறகு ஓவியரின் ஞாபகம் வர நியாயமில்லை. அந்தச் சும்மா இருக்கும் மாதங்களின் பாரத்தை யார் சுமப்பது என்பதே இரு வழிகளையும் எடைபோடுவோர் கேட்க வேண்டிய முதல் கேள்வி. சம்பளத்தில் இருப்பவனுக்கு அதை முதலாளி சுமக்கிறார். கோவில்பட்டியிலோ அதைப் புகைப்படம் சுமந்தது: ஸ்டூடியோ என்ற பெயருக்கேற்ப அங்கே படம் பிடிக்கும் தொழிலும் நடந்தது, கல்யாண ஜோடியும் காலமான பெரியவரும் வருஷம் பூராவும் உண்டல்லவா?

இரண்டாவது கேள்வி, எழுதிய படம் யாருடையது என்பது. ஒரு தொகை பேசிப் படத்தை வாங்கிக்கொண்ட அச்சுக்கூடம் அதை ஒரு வருஷம் போட்டாலும் பத்து வருஷம் போட்டாலும் எழுதியவருக்கு மேற்கொண்டு காசு வருவது அபூர்வம். லட்சக்கணக்கான வீடுகளில் பூஜை பெறும் ஒரு முருகனைப் படைத்தவர், அடுத்த முருகனுக்கு வரும் முன்பணத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பது இந்தத் தொழிலின் விசித்திரங்களில் ஒன்று. இவ்விஷயத்தில் சம்பளக்காரனுக்கும் சுயேச்சைக்காரனுக்கும் பெரிய பேதம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஒருவன் மாதக் கடைசியில் உரிமையை விற்றான், மற்றவன் படந்தோறும் விற்றான்.

எல்லாவற்றிலும் முக்கியமாக நான் கருதுவது, வீட்டிலிருந்து எழுதினார் என்று சொல்லப்படும் அந்த வீடு எப்படிப்பட்டது என்பதை. கொண்டையராஜு மணம் செய்துகொள்ளவில்லை. சிஷ்யர்களே குடும்பம், அவர்களுக்கு அங்கேயே பாடம், அங்கேயே வேலை. முகம் ஒருவர் கையில், நகையும் பட்டுக்கரையும் ஒருவர் கையில், பின்னால் தெரியும் மலையும் நதியும் இன்னொருவர் கையில் என்று பகிர்ந்துகொள்வது இத்தகைய பட்டறைகளின் இயல்பு. அங்கிருந்து வந்த பல படங்களின் அடியில் குருவின் பெயரும் சிஷ்யரின் பெயரும் சேர்ந்தே அச்சாகியிருப்பதைப் பழைய காலண்டர் சேர்த்து வைத்திருப்பவர்கள் இன்றும் பார்க்கலாம். திருவனந்தபுரத்து நாயக்கர் மறைத்ததை இவர் வாரி வழங்கியதற்குக் குணபேதம் மட்டும் காரணமன்று. அங்கே ஆசனம் ஒன்று, இங்கே சிவகாசியில் அச்சுக்கூடங்கள் பல. சிஷ்யன் தேறினால் குருவுக்கு ஆர்டர் குறையவில்லை, ஏற்க முடிந்த ஆர்டர் கூடிற்று. ஆகையால் ஒருவர் சுயேச்சையாக இருக்க ஒரு கூட்டம் வேண்டியிருந்தது என்பதே கோவில்பட்டியின் கதை. அறையைச் சாத்திக்கொண்டு தன்னந்தனியே கம்ப்யூட்டர் முன் அமர்ந்து எழுதும் இன்றைய ஓவியர், தம் முன்னோர் அப்படித்தான் இருந்தார்கள் என்று நினைத்தால் அது சரித்திரத்துக்குப் பொருந்தாது.

சம்பளத்தின் பக்கமும் சொல்ல வேண்டியது உண்டு. அதற்குச் சாட்சி சில்பி. சென்னைக் கலைப்பள்ளியில் படித்து ஆனந்த விகடனில் அமர்ந்த அவர், கோயில் கோயிலாகச் சென்று, விக்கிரகத்தின் எதிரே பொறுமையாக அமர்ந்து, கல்லின் மெருகும் உலோகத்தின் குளிர்ச்சியும் தெரியும்படி எழுதிய சித்திரங்கள் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ என்ற தலைப்பில் பல ஆண்டுகள் வெளிவந்தன. படத்துக்கு இவ்வளவு என்று வாங்கிப் பிழைப்பவனால் ஒரு தூணின் யாளிக்கு அத்தனை நேரம் செலவிட முடியுமா? அந்த அவகாசத்தை வாங்கித் தந்தது மாதச் சம்பளம். அதே விகடனில் சிரிப்புச் சித்திரங்களால் தமிழ் வீடுகளுக்கெல்லாம் பரிச்சயமான கோபுலு, 1963-ல் பத்திரிகையை விட்டு ஒரு விளம்பர நிறுவனத்துக்குப் போனார். 1972-ல் ‘ஆட் வேவ்’ என்று சொந்தமாகவே ஒன்றைத் தொடங்கினார். ஒரே மனிதர் தம் ஆயுளில் மூன்று விதமாகவும் இருந்து பார்த்தார். மூன்றிலும் அவர் கோட்டின் சிரிப்பு குன்றவில்லை.

இவ்விரு வழியிலும் சேராமல் மூன்றாவதாக ஒன்றைச் செய்து பார்த்தவர் கே. சி. எஸ். பணிக்கர். ஓவியராவதற்கு முன் தந்தி இலாகாவில் உத்தியோகம் பார்த்தவராதலால் உத்தியோகத்தின் சுகமும் சிறையும் அவருக்குத் தெரியும். சென்னைக் கலைக்கல்லூரியின் முதல்வராயிருந்த அவர், படித்து வெளியேறும் கெட்டிக்காரப் பிள்ளைகள் டிராயிங் மாஸ்டராகவோ விளம்பரக் கம்பெனியிலோ ஒடுங்கிப்போய் ஓவியத்தையே மறந்துவிடுவதைக் கண்டு வருந்தினார். அவருடைய யோசனைப்படி மாணவர்களும் ஆசிரியர்களும் சங்கமாகக் கூடி, மெழுகு தடவிச் சாயம் ஏற்றும் பாத்திக் துணிகளைச் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தைக் கொண்டு 1966-ல் இஞ்சம்பாக்கத்துக் கடற்கரை மணலில் சில ஏக்கர் வாங்கிச் சோழமண்டலம் கலைக்கிராமத்தை ஏற்படுத்தினார்கள். கைத்தொழில் வயிற்றுக்கு, ஓவியம் மனத்துக்கு என்று நாளைப் பங்கிட்டுக்கொண்டதால், வாங்குகிறவன் ருசிக்குப் படம் எழுதும் நிர்ப்பந்தமும் இல்லை, முதலாளியின் மணியும் இல்லை. மின்சாரமும் பஸ்ஸும் சுலபமாகக் கிடைக்காத இடத்தில் தொடக்கத்தில் குடியேறியவர்கள் பட்ட சிரமம் கொஞ்சமன்று. அவர்களுடைய ஓவியங்களை வாங்க ஆள் தேடி வந்தது பின்னால்தான். அதுவரை அங்கே கூரை எழும்பியது பாத்திக் துணி வாங்கியவர்கள் கொடுத்த பணத்தில்.