பேயன்று, பிணி: மனநோயாளர் பணியின் வரலாறும் நமது தாமிரபரணிக் கரையும்

ஜூபிலி மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று விழாக் குழுவினர் கேட்டபோது சற்றே தயங்கினேன். கோவில் எழும்பிய வரலாற்றையும், பங்குக் குருக்களின் அரும்பணிகளையும் எழுதத் தகுதியுடையோர் நம்மிடையே பலர் உள்ளனர். ஆனால் நமது பங்கேடுகள் எதிலும் எழுதப்படாத வரலாறு ஒன்று உண்டு. நம் வீடுகளின் பின்கட்டுகளில் நடந்த வரலாறு அது. மனம் நோயுற்ற நம் சொந்தங்களை நாம் எப்படி நடத்தினோம், அவர்களைப் பேணும் பணி எப்படி வளர்ந்தது என்பதையே இங்கு எழுதத் துணிகிறேன்.

என் தாயாரின் தங்கை ஒருத்தி எங்கள் வீட்டில் இருந்தாள். சித்தி நல்ல குரலுடையவள். கோவில் பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்று பாடியவள். 1961ஆம் ஆண்டு, இருபத்திரண்டாம் வயதில் அவளுக்கு நோய் கண்டது. இரவில் உறங்கமாட்டாள். யாரோ தன்னை அழைப்பதாகச் சொல்லி வாசலுக்கு ஓடுவாள். ஒரு நாள் வாய்க்காலில் இறங்கிவிட்டாள். அதற்குப் பின் மாட்டுக் கொட்டகையிலிருந்த சங்கிலி அவள் காலுக்கு வந்தது. கொடுமைக்காரர்கள் கட்டியதன்று, அவளைப் பெற்ற ஆச்சிதான் கட்டினாள், அழுதுகொண்டே. இதை இன்றைய இளைஞர்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

அந்நாளில் நெல்லைச் சீமையில் மனநோயாளர்க்கு மூன்று வழிகள்தாம் தெரியும். ஒன்று, குற்றால அருவி. தலையில் எலுமிச்சம்பழத்தைத் தேய்த்து அருவியின் கீழ் நிறுத்தினால் சித்தம் தெளியும் என்பது மக்கள் நம்பிக்கை. அந்த நீர்தான் சிற்றாறாக ஓடிச் சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. மற்றொன்று, திருத்தலங்கள். புளியம்பட்டி புனித அந்தோணியாரிடம் நோயாளியை அழைத்துச் சென்று வாரக்கணக்கில் தங்கியிருப்பது நம் பகுதியில் எல்லா மதத்தாரும் அறிந்த வழக்கம். முகமதிய சகோதரர்களின் தர்காக்களும், இந்துக்களின் கோவில்களும் இவ்வாறே மனநோயாளர்க்குப் புகலிடம் அளித்துள்ளன. மூன்றாவது வழி, பின்கட்டு.

சித்திக்குப் பேய் பிடித்திருக்கிறது என்றே எங்கள் வளவு முழுதும் நம்பியது. இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1614ஆம் ஆண்டிலேயே வெளியான உரோமைச் சடங்கு நூல், ஒருவரைப் பேய் பிடித்தவர் என்று குருவானவர் எளிதில் நம்பிவிடலாகாது என்றும், உடற்பிணியாலோ மனச்சோர்வு நோயாலோ வருந்துவோரைப் பிரித்தறிய வேண்டும் என்றும் எச்சரித்திருக்கிறது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின்படி ஆயரின் வெளிப்படையான அனுமதியின்றி எவரும் பேயோட்டும் சடங்கு நடத்தலாகாது. திருச்சபை நானூறு ஆண்டுகளுக்கு முன் சொன்னதை நாம் நேற்றுவரை கேட்கவில்லை என்றால் மிகையாகாது.

மருத்துவமனை என்று ஒன்று இல்லாமலில்லை. சென்னையில் 1794ஆம் ஆண்டிலேயே ஆங்கிலேயர் காலத்துப் புகலகம் ஒன்று ஏற்பட்டது. பின்னர் 1871ஆம் ஆண்டில் கீழ்ப்பாக்கம் மருத்துவமனை எழுந்தது. ஆனால் நம் ஊர் ஏழைக்குச் சென்னை எட்டாத தொலைவு. அன்றி, 1912ஆம் ஆண்டுச் சட்டப்படி, தானே விரும்பிச் சேராத நோயாளியை அனுமதிப்பதற்கு மாஜிஸ்திரேட்டின் உத்தரவு தேவைப்பட்டது. குற்றவாளியைப் போலக் கச்சேரிக்கு இழுத்துச் சென்று தன் மகளைப் பைத்தியம் என்று நிரூபிக்க எந்தத் தாய் விரும்புவாள்? தெற்கே திருவனந்தபுரத்தில் ஊளம்பாறை இருந்தது. அந்தப் பெயரையே வசைச்சொல்லாக வைத்திருந்தோம்.

மனநோயாளரைப் பரிவோடு பேண வேண்டும் என்பதைத் தம் உடம்பிலேயே கற்றவர் ஒருவர் நம் புனிதர் வரிசையில் இருக்கிறார். அவர் இறைவனின் புனித அருளப்பர். போர்த்துக்கல் நாட்டில் 1495ஆம் ஆண்டு பிறந்து, ஆடு மேய்த்து, படைவீரராக அலைந்து, முடிவில் ஸ்பெயின் நாட்டுக் கிரனாதா நகரில் புத்தக வியாபாரம் செய்தார். அங்கே அவிலா அருளப்பரின் பிரசங்கத்தைக் கேட்டு, தம் பாவங்களை நினைத்துக் கதறி, தலைமயிரைப் பிய்த்துக்கொண்டு தெருவில் ஓடினார். பைத்தியம் என்று முடிவு கட்டி அரச மருத்துவமனையில் அடைத்தார்கள். அக்காலத்தில் அந்நோய்க்குத் தரப்பட்ட மருத்துவம் கட்டுவதும் சாட்டையால் அடிப்பதுமே. தெளிந்த பின்பும் அவர் உடனே ஓடிப்போகவில்லை. உடன் கிடந்த நோயாளிகளின் படுக்கையைத் தட்டிப்போட்டார், அவர்களைக் கழுவினார், உணவூட்டினார். பிறகு தாமே ஒரு மருத்துவமனை தொடங்கி, 1550ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். 1930ஆம் ஆண்டு பதினோராம் பத்திநாதர் அவரைச் செவிலியரின் பாதுகாவலர் ஆக்கினார். நம் வீடுகளில் நர்சுப் படிப்புக்குப் போன பெண்கள் எத்தனை பேர்! அவர்களில் எத்தனை பேருக்கு அவர்தம் பாதுகாவலர் ஒரு காலத்தில் சங்கிலியில் கிடந்தவர் என்பது தெரியும்?

இனி நம் காலத்துக்கு வருவோம். 1952ஆம் ஆண்டை மனநோய் வரலாற்றில் மறக்கலாகாது. அவ்வாண்டு பாரிஸ் நகரத்துப் புனித அன்னம்மாள் மருத்துவமனையில் குளோர்புரோமசின் என்ற மருந்து மனநோயாளர்க்குத் தரப்பட்டு, அதன் பலன் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. நம் நாட்டில் லார்காக்டில் என்ற பெயரில் வந்த மாத்திரை அதுவே. அதே 1952ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஹில்டிகார்டு பெப்லாவ் என்ற நர்சு ஒரு நூலை வெளியிட்டார். நர்சுக்கும் நோயாளிக்கும் இடையே வளரும் உறவே மருத்துவத்தின் ஒரு பாகம் என்பது அதன் சாரம். நூலை எழுதி முடித்து நான்கு ஆண்டுகள் காத்திருந்தார். டாக்டர் ஒருவரின் பெயரைச் சேர்க்காமல் ஒரு நர்சு இப்படியொரு நூல் வெளியிடுவதா என்று அக்காலத்தார் தயங்கினராம். மாத்திரை உலகெங்கும் புகழ் பெற்றது. மற்றதைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசவில்லை. என் அனுபவத்தில், சித்தியைக் கரையேற்றியது இரண்டும் சேர்ந்துதான்.

நம் நாட்டிலும் நல்லோர் தோன்றினர். அமிர்தசரசில் டாக்டர் வித்யா சாகர் 1950களில் மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரம் அடித்து, நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்கவைத்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1957ஆம் ஆண்டு டாக்டர் புளாரன்ஸ் நிக்கல்ஸ் தொடங்கிய மனநல மையத்திலும் உறவினர் உடனிருப்பதே முறையாயிற்று. கீழ்ப்பாக்கத்தில் 1961 முதல் 1978 வரை கண்காணிப்பாளராயிருந்த டாக்டர் சாரதா மேனன், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்படுபவர். அடைத்து வைப்பதே தொழில் என்றிருந்த இடத்தில் நோயாளிகளுக்கு வேலையும், வெளியுலகுக்குத் திரும்பும் வழியும் தேடினார். 2021ஆம் ஆண்டு மறைந்தார்.

நமது பாளையங்கோட்டையில் 1965ஆம் ஆண்டு மருத்துவக் கல்லூரி தொடங்கியது. ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி என்று நாம் சொல்லும் இடம் அன்றுமுதல் இந்தப் பள்ளத்தாக்குக்கே தாய்வீடு போல. எனினும் மனநோய்க்கு ஆஸ்பத்திரி செல்லலாம் என்ற எண்ணம் எங்கள் தெருவை எட்ட மேலும் பல ஆண்டுகள் ஆயின. 1974ஆம் ஆண்டு, பங்குச் சுவாமியார் ஒருவர் வற்புறுத்தியதன் பேரில்தான் சித்தியை மாட்டு வண்டியிலும் பிறகு பஸ்ஸிலும் ஏற்றி ஓர் அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பதின்மூன்று ஆண்டுகளில் அவள் தலைமயிர் சடையாகித் தடித்திருந்தது. மொட்டையடித்துவிடலாம் என்றார் என் தந்தையார். அங்கிருந்த நர்சம்மா ஒருவர், "அவங்ககிட்டக் கேட்டீங்களா?" என்றார்.

எங்களுக்குச் சிரிப்பு வந்தது என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன். அவர் சித்தியின் அருகே தரையில் உட்கார்ந்து, "முடியை எடுக்கவா, வேண்டாமா தாயி?" என்று கேட்டார். சித்தி பதில் சொல்லவில்லை. இரு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டாள். "சரி, வேண்டாம்" என்றார் நர்சம்மா. தேங்காயெண்ணெயும் சீப்பும் கொண்டு மூன்று நாட்கள், வேலை ஓய்ந்த வேளையிலெல்லாம் உட்கார்ந்து அந்தச் சடையைப் பிரித்தார். குரல் கேட்கிறது என்று சித்தி சொன்னால், "இல்லவே இல்லை" என்று மறுக்கவில்லை. "ஆமாம்" என்று ஒத்துப் பாடவும் இல்லை. "எனக்குக் கேட்கலை. உனக்குப் பயமா இருக்கா?" என்பார். மாத்திரையால் கை நடுங்கி, வாயில் எச்சில் ஒழுகியதை முதலில் கவனித்து டாக்டரிடம் சொன்னவரும் அவரே. மூன்றாம் நாள் சித்தி தன் பெயரைச் சொன்னாள்.

இத்தகைய பணிக்கு இன்று மேல்நாடுகளில் பெரும்படிப்பு உண்டு. மனநோய்த் துறையில் உயர்பயிற்சி பெற்ற நர்சுகள் நோயைக் கணித்து மருந்தும் எழுதுகிறார்கள். நம் நாட்டில் மருந்து எழுதுவது டாக்டரின் பொறுப்பே. எனினும் ஊசிக்கு உரிய நாளில் வராதவரைத் தேடுவதும், மாத்திரையை நிறுத்திவிட்டாரா என்று வீட்டாரிடம் இதமாக விசாரிப்பதும் நர்சின் கையில்தான் பெரிதும் இருக்கிறது. 1996ஆம் ஆண்டு மத்திய அரசு மாவட்ட மனநலத் திட்டத்தைத் தொடங்கியபோது, நாட்டில் முதலில் தேர்ந்தெடுத்த நான்கு மாவட்டங்களில் நம் திருச்சியும் ஒன்று. அத்திட்டத்தின் குழுவில் டாக்டரோடு மனநல நர்சுக்கும் இடமுண்டு.

அப்படியும் சங்கிலி ஒழியவில்லை. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள், ஆண்டவரின் உருமாற்றத் திருநாள் அதிகாலை, ஏர்வாடியில் தனியார் நடத்திய மனநோயாளர் விடுதி ஒன்று தீப்பற்றியது. நம் நாங்குநேரிப் பக்கத்து ஏர்வாடி அன்று, இராமநாதபுரத்து ஏர்வாடி. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டனர். அத்தகைய விடுதிகள் மூடப்பட்டன. உச்ச நீதிமன்றமும் தானே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. பின்னர் வந்த 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம், மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியால் பிணைக்கலாகாது என்று தடை செய்திருக்கிறது.

திருத்தலங்களைக் குறை கூறுவதாக எவரும் எண்ண வேண்டாம். 2002ஆம் ஆண்டு பிரித்தானிய மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசுவாமி கோவிலில் தங்கிய 31 மனநோயாளரைப் பெங்களூர் டாக்டர்கள் கவனித்தனர். சராசரி ஆறு வாரத் தங்கலில் நோயின் கடுமை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. சிறப்புச் சடங்கு எதுவும் இல்லை. அச்சுறுத்தல் இல்லாத இடம், உடனிருக்கும் உறவினர், எளிய வேலைகள், இவையே காரணமாகலாம் என்றனர். புனித அந்தோணியாரிடம் போகிறவர் போகட்டும். மாத்திரையைப் பையில் எடுத்துக்கொண்டு போகட்டும். வீட்டில் எவருக்கேனும் உறக்கம் கெட்டு, பேச்சு மாறி, உயிர்மேல் வெறுப்பு வந்தால், ஹைகிரவுண்டுக்கு அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற இலவசத் தொலைபேசி எண்ணும் 2022 முதல் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

சித்தி வீடு திரும்பினாள். முழுக் குணம் என்று சொல்லமாட்டேன். சில மாதங்கள் நன்றாயிருப்பாள். மாத்திரை தவறினால் மீண்டும் வாசலைப் பார்ப்பாள். சங்கிலி மட்டும் மறுபடி வரவில்லை. 1998ஆம் ஆண்டு இறக்கும் வரை தானே தலை சீவிக்கொண்டாள்.

அவள் வீடு திரும்பிய மறு ஆண்டு தவக்காலத்தில் உபதேசியார் குடும்பக் கணக்கெடுக்க வந்தார். பதின்மூன்று ஆண்டுகளாக எங்கள் வீட்டுக்கு ஆறு பேர் என்றே எழுதிச் சென்றவர். பழக்கத்தில், "ஆறுதானே?" என்று கேட்டபடி எழுதப் போனார். அடுப்படியிலிருந்து என் தாயார் வெளியே வந்து, "ஏழு" என்றார்.