அரக்கு கலரும் மெக்சிகோ பூச்சியும்

போன ஆகஸ்ட் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு காலை. அண்ணன் மகள் வீடியோ காலில் வந்தாள். சிகாகோவில் எம்.எஸ். படிக்கிறாள். அங்கே பில்சன் என்ற மெக்சிகோக்காரர்கள் பேட்டையில் 'ஃபியஸ்டா தெல் சோல்' என்று ஒரு தெருத் திருவிழா. நம்ம ஊர் ஆடித் திருவிழா மாதிரியே இரைச்சல். ராட்டினம், சோளக்கதிர் சுடும் புகை, ஸ்பீக்கரில் பாட்டு. நடுவில் ஒரு கடையில் ஒரு அம்மா கையால் நெய்த கம்பளம் விற்றுக்கொண்டிருந்தார்.

அந்த அம்மா உள்ளங்கையில் சாம்பல் நிறத்தில் நாலு விதை மாதிரி எதையோ வைத்து நசுக்கினார். கை முழுக்க ரத்தச் சிவப்பு. எலுமிச்சை பிழிந்தார், ஆரஞ்சாக மாறியது. சுண்ணாம்பு தொட்டார், ஊதா. விதை இல்லை, பூச்சி!

"சித்தப்பா, நான் பட்டு நெய்யிற ஊருன்னு சொன்னேன். உங்க ஊர்ல சிவப்பு எதுல எடுப்பீங்கன்னு கேக்கறாங்க. என்ன சொல்றது?"

ஆரணியில் தறிச் சத்தத்தில் வளர்ந்தவன் நான். பதில் தெரியவில்லை. பாக்கெட்டில் வரும் கலர் என்று சொல்லி வைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா, வாழ்நாள் முழுக்கத் தறியில் இருந்தவர், போனை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னாடா இது, அரக்குன்னு பேருலயே இருக்கே!"

அதிலிருந்து மூணு வாரம், ஆபீஸ் முடிந்து வந்து இதையேதான் படித்துக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மா காட்டியது கொச்சினீல். சப்பாத்திக்கள்ளியில் ஒட்டி வாழும் செதில்பூச்சி. மெக்சிகோவின் ஓஹாகா பகுதி மக்கள் ஸ்பானியர் வருவதற்கு முன்பிருந்தே இதை வளர்த்தவர்கள். ஒரு பவுண்டு சாயத்துக்குச் சுமார் 70,000 பூச்சி வேண்டும். பருத்தியில் சுலபமாக ஏறாது. பட்டிலும் கம்பளியிலும் அப்படிப் பிடித்துக்கொள்ளும். ஸ்பெயினுக்கு மெக்சிகோவிலிருந்து வெள்ளிக்கு அடுத்து பணம் கொட்டிய சரக்கு இதுதான். அதனால் உயிருள்ள பூச்சியை வெளியே விடவே மாட்டார்கள். 1777-ல் தியெரி என்ற பிரெஞ்சுக்காரர் ஓஹாகாவுக்குள் நுழைந்து, பூச்சியையும் கள்ளியையும் கடத்திக்கொண்டு போனார்.

பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகளின் சிவப்புக் கோட்டுக்கு இதே சாயம்தான். 1751-ல் கிளைவும், 1782-ல் ஹைதர் அலியோடு மோத அயர் கூட்டும் எங்கள் ஆரணிக்கு வந்தார்கள். அப்போதே அந்த மெக்சிகோ பூச்சி கோட்டு வடிவில் எங்கள் ஊரைப் பார்த்திருக்க வேண்டும்.

அடுத்து மெட்ராஸ். கம்பெனியின் தலைமை மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் 1786-ல் புல்லில் ஒரு பூச்சியைப் பார்த்து, கொச்சினீல் கிடைத்துவிட்டது என்று லண்டனில் இருந்த ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதமாக எழுதித் தள்ளினார். அது வேறு பூச்சி. மனிதர் விடவில்லை. கியூ தோட்டத்திலிருந்து கள்ளி வரவழைத்து, சைதாப்பேட்டையில் ஒரு கள்ளித் தோட்டமே போட்டார்கள். ஸ்பானிய மொழியில் கள்ளிக்கு நோபால் என்று பெயர். பேருக்கேற்ற மாதிரி முதல் பந்தே நோபால் ஆகிவிட்டது. (இதே ஆண்டர்சன்தான் மெட்ராஸ் மாகாணத்தில் முசுக்கொட்டை நட்டு பட்டுப்புழு வளர்க்கவும் பாடுபட்டவர். பட்டு ஊர்க்காரனாக அவர்மேல் எனக்கு ஒரு பாசம் உண்டு. செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் அவருக்குச் சிலை இருக்கிறது.)

1795-ல் கேப்டன் நீல்சன் என்பவர் ரியோ டி ஜெனிரோவிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சி கொண்டுவந்தார். மெட்ராஸுக்கும் அது வந்தது. ஆனால் வந்தது காட்டு ரகம். மெக்சிகோக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த ரகம் அல்ல. சாயம் மட்டம். கொஞ்ச வருஷத்தில் சைதாப்பேட்டைத் தோட்டத்தையே மூடிவிட்டார்கள்.

சாயம் தராத அந்தப் பூச்சி கள்ளியைத் தின்பதில் மட்டும் கில்லாடி. வடக்கே கள்ளிக்காடுகளை அது காலி செய்ததைப் பார்த்து, 1836-38-ல் தென்னிந்தியாவிலும் வேண்டுமென்றே விட்டார்கள். ஒரு களையை ஒழிக்கப் பூச்சியை ஏவிய வரலாற்றில் உலகத்திலேயே இதைத்தான் முதலாவதாகச் சொல்கிறார்கள். அதற்குத் தப்பிய இன்னொரு ரகக் கள்ளியை ஒழிக்க 1926-ல் வேறொரு கொச்சினீல் இனம் இலங்கை வழியாக வந்தது. சின்ன வயசில் முள்ளைத் தேய்த்து, பழம் தின்று, சிவந்த நாக்கை நீட்டிக் காட்டினோமே, அந்தக் கள்ளிதான். மெக்சிகோ கொடியில் கழுகு உட்கார்ந்திருப்பதும் இதே குடும்பத்துக் கள்ளிமேல்தான்.

இப்போது அப்பா சொன்ன அரக்கு. அதுவும் பூச்சி! மரக்கிளையில் ஒட்டி வாழும் செதில்பூச்சி, கொச்சினீலுக்குச் சொந்தக்காரன். இரண்டின் சிவப்பும் வேதியியலில் ஒரே குடும்பம். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொச்சினீலுக்கு மாற்றாக இந்திய அரக்குச் சாயத்தைத்தான் இங்கிலாந்து வாங்கியது. மெக்சிகோ பூச்சிக்காக ஆண்டர்சன் கடல் கடலாகக் கடிதம் போட்ட நேரத்தில், அதன் உறவுக்காரன் இந்திய மரங்களிலேயே உட்கார்ந்திருந்தான். 1869-ல் தார் எண்ணெயிலிருந்து செயற்கை அலிசரின் செய்தார்கள். அடுத்தடுத்து மற்ற சாயங்கள் வந்தன. அரக்கு, கொச்சினீல் இரண்டுமே சந்தையில் விழுந்தன. இன்றைக்குக் கல்யாணத்துக்கு 'அரக்கு கலர்ல காட்டுங்க' என்கிறோம். பேரில்தான் அரக்கு, சாயம் பாக்கெட்டில்.

இதையெல்லாம் எழுதி அண்ணன் மகளுக்கு அனுப்பினேன். அவள் பதிலுக்கு, அந்தத் திருவிழா தொடங்கிய கதையை அனுப்பினாள். 1970-களின் தொடக்கத்தில், தங்கள் பேட்டைக்கு ஒரு உயர்நிலைப் பள்ளி வேண்டும் என்று அந்த மக்கள் போராடி ஜெயித்த சந்தோஷத்தில் தெருவில் கொண்டாடியதாம். பள்ளிக்கு பெனிட்டோ ஹுவாரெஸ் பெயர். மெக்சிகோவின் ஜனாதிபதியாக இருந்தவர். ஓஹாகாக்காரர், அதாவது பூச்சி ஊர்க்காரர்.

கூடவே அப்பாவுக்கு ஒரு போட்டோ: அம்மாவின் பழைய அரக்குச் சேலையைத் தன் அறை ஜன்னலில் விரித்துப் போட்டிருந்தாள். சிகாகோ போகும்போது பெட்டியில் வைத்து எடுத்துப்போயிருக்கிறாள், எங்களுக்கே தெரியாது. அப்பா ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் கேட்டார்:

"அந்தம்மா கிட்ட கேக்கச் சொல்லு. அந்தப் பூச்சி கிலோ என்ன விலை?"