வாங்கியவர் யார், வரைந்தவர் யார்: அமெரிக்கக் கனரக லாரி எஞ்சின்களின் அரை நூற்றாண்டு

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் ஓடும் கனரக லாரிகளின் முகப்பில் பொறித்த பெயர்களைப் படித்தால் எல்லாம் அந்த மண்ணின் பெயர்களாகவே தோன்றும்: மாக், ஃபிரைட்லைனர், இன்டர்நேஷனல், கென்வொர்த், பீட்டர்பில்ட். இவற்றுள் முதல் மூன்றும் இன்று ஐரோப்பியக் குழுமங்களின் உடைமை. மாக் சுவீடனின் வோல்வோவிடமும், ஃபிரைட்லைனர் ஜெர்மனியின் டைம்லரிடமும், இன்டர்நேஷனல் ஃபோக்ஸ்வாகன் குழுமத்தைச் சேர்ந்த டிராட்டனிடமும் உள்ளன. ஒரு காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸின் பெருமையாக இருந்த டெட்ராயிட் டீசலும் டைம்லரின் கையில்தான்.

இந்த நிலைக்கு எளிய விளக்கம் ஒன்று புழக்கத்தில் இருக்கிறது: அயல்நாட்டார் வாங்கினர், அதனால் அமெரிக்க எஞ்சின் தொழில் அழிந்தது. இதற்கு எதிர்வாதமும் அதே அளவுக்கு எளியது: உரிமைதான் மாறியது, தொழிற்சாலைகள் அங்கேயே இயங்குகின்றன, எனவே அழிவு என்பதே மிகை. ஆண்டு வரிசையைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் இரண்டுமே நிற்பதில்லை. நோய் முன்னே வந்தது. வாங்குபவர் பின்னே வந்தார். ஆனால் தொழிற்சாலை இருக்கிறது என்பதால் எதுவும் இழக்கப்படவில்லை என்று சொல்லவும் முடியாது. இழக்கப்பட்டது எது என்பதைத்தான் துல்லியமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் அமெரிக்கச் சந்தையின் தனித்தன்மை ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ஐரோப்பாவில் மெர்சிடிஸ் லாரி வாங்கினால் மெர்சிடிஸ் எஞ்சின். ஸ்கானியா வாங்கினால் ஸ்கானியா எஞ்சின். அமெரிக்காவில் அப்படியில்லை. கென்வொர்த், பீட்டர்பில்ட், ஃபிரைட்லைனர் போன்ற நிறுவனங்கள் பல பத்தாண்டுகள் சொந்தமாகக் கனரக எஞ்சின் எதுவும் செய்ததில்லை. வாங்குபவர் பட்டியலை வைத்துக்கொண்டு கம்மின்ஸா, கேட்டர்பில்லரா, டெட்ராயிட்டா என்று எஞ்சினைத் தேர்வார். கியர்பெட்டி ஈட்டன் ஃபுல்லரிடமிருந்தும் அச்சு ராக்வெல்லிடமிருந்தும் வரும். லாரி நிறுவனம் சட்டகத்தையும் ஓட்டுநர் அறையையும் செய்து எல்லாவற்றையும் பொருத்தித் தரும். ஆகவே, எஞ்சின் தயாரிப்பு என்பது தனித்த ஒரு தொழிலாக, லாரி நிறுவனத்துக்கு அடங்காததாக வளர்ந்தது. எஞ்சினின் பெயர் லாரியின் பெயரைவிடக் கனத்த இடங்களும் உண்டு.

இந்த மரபுக்குப் பெரும் விலக்கு மாக். எஞ்சின், கியர்பெட்டி, அச்சு என அனைத்தையும் தானே செய்துகொண்ட நிறுவனம் அது. 1960களின் நடுவில் அது வெளியிட்ட மேக்ஸிடைன் எஞ்சின் வடிவமைப்புச் சிந்தனையின் நல்ல சான்று. மற்ற டீசல் எஞ்சின்கள் குறுகிய வேக எல்லைக்குள் மட்டுமே முழுத் திறனைத் தந்தன. அதனால் ஓட்டுநர் பத்துக்கும் மேற்பட்ட கியர்களை ஓயாமல் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மேக்ஸிடைன், நிமிடத்துக்கு 1,200 சுழற்சியிலிருந்து 2,100 வரை ஏறத்தாழ ஒரே குதிரைத்திறனைத் தந்தது. ஐந்து கியர்கள் போதுமானவையாயின. இது பென்சில்வேனியாவின் மேடுபள்ளங்களை அறிந்த பொறியாளர்கள், தாமே செய்யும் கியர்பெட்டியையும் மனத்தில் வைத்து வரைந்த எஞ்சின். வரைபவருக்கும் ஓடும் சாலைக்கும் இடையே தொலைவு குறைவாக இருந்த காலம் அது.

இனி டெட்ராயிட் டீசல். 1938இல் ஜெனரல் மோட்டார்ஸ் தொடங்கிய இந்தப் பிரிவின் எஞ்சின்கள் இருவீச்சு வகை. ரூட்ஸ் ஊதி காற்றைத் தள்ள, அது உருளையின் கீழ்ப்பகுதித் துளைகள் வழியே நுழையும். எரிந்த வாயு மேலுள்ள வால்வுகள் வழியே வெளியேறும். ஒவ்வொரு சுழற்சியிலும் ஒரு திறன்வீச்சு. சிறிய உடலில் பெரிய ஆற்றல். ஓர் உருளையின் கொள்ளளவு 71 கன அங்குலம் என்பதால் சீரீஸ் 71 என்று பெயர். உருளைகளைக் கூட்டியும் குறைத்தும் அதே உதிரிபாகங்களால் பல அளவு எஞ்சின்களைச் செய்யலாம். இரண்டாம் உலகப் போரில் தரையிறங்கு படகுகளையும் டாங்கிகளையும் இவை இயக்கின. போருக்குப் பின் பேருந்துகளிலும் லாரிகளிலும் பரவின. இவற்றின் அலறலை ஒருமுறை கேட்டவர் மறக்க மாட்டார் என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வது வழக்கம். எண்ணெய் கசியாத டெட்ராயிட் என்றால் எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று பொருள் என்னும் கேலியும் உண்டு.

1973இல் எண்ணெய் விலை ஏறியபோது இந்த வடிவமைப்பின் பலவீனம் வெளிப்பட்டது. ஊதியைச் சுழற்றவே திறன் செலவாகும் இருவீச்சு எஞ்சின், நால்வீச்சு கம்மின்ஸையும் கேட்டர்பில்லரையும்விட அதிக டீசலைக் குடித்தது. பின்னர் வந்த உமிழ்வு விதிகளும் அதற்குச் சாதகமாக இல்லை. உலகின் மிகப்பெரிய வாகன நிறுவனம் இதற்குச் செய்த பதில் நீண்ட தயக்கம். 1987 வாக்கில் கனரக லாரி எஞ்சின் சந்தையில் டெட்ராயிட் டீசலின் பங்கு ஏறத்தாழ 3 விழுக்காடாகச் சுருங்கிவிட்டது. இந்தச் சரிவு முழுவதும் அமெரிக்க உரிமையின்கீழ், அமெரிக்க நிர்வாகத்தின் முடிவுகளால் நிகழ்ந்தது என்பதை அடிக்கோடிட வேண்டும்.

வியப்பு என்னவென்றால், மீட்சிக்கான எஞ்சினும் அதே ஆண்டில் அதே கூரையின்கீழ் பிறந்தது. 1987இல் வந்த சீரீஸ் 60, நால்வீச்சு எஞ்சின். எரிபொருள் செலுத்துதலைக் கணினி கட்டுப்படுத்தும் முறை அதில் கூடுதல் வசதியாக இல்லாமல் தொடக்கத்திலிருந்தே உள்ளுறையாக இருந்தது. 1988இன் தொடக்கத்தில் கார்ப் பந்தய உலகில் புகழ்பெற்ற தொழிலதிபர் ரோஜர் பென்ஸ்கி நிறுவனத்தின் கட்டுப்பாட்டைப் பெற்றார். சில ஆண்டுகளில் சந்தைப் பங்கு கால்பகுதியை எட்டியது. 2000இல் டைம்லர்கிரைஸ்லர் அதை முழுமையாக வாங்கியபோது கையில் எடுத்தது நலிந்த நிறுவனத்தை அன்று. நிமிர்ந்து நின்ற நிறுவனத்தை. டைம்லர் 1981லேயே ஃபிரைட்லைனரை வாங்கியிருந்தது. லாரியும் எஞ்சினும் ஒரே உரிமையாளரிடம் சேர்ந்தன. ஐரோப்பிய முறை அமெரிக்காவில் கால்பதித்த முக்கியத் தருணம் இது என்பது என் கணிப்பு. வாங்கியவரின் நாட்டைவிட, வாங்கியவர் கொண்டுவந்த இந்த அமைப்புமுறையே பின்னர் நிகழ்ந்தவற்றைத் தீர்மானித்தது.

மாக்கின் கதையை விரைந்து சொல்லலாம். 1979இல் பிரான்ஸின் ரெனோ சிறுபங்காளியாக நுழைந்தது. 1990இல் முழு உரிமையாளரானது. 2001இல் ரெனோவின் லாரிப் பிரிவோடு மாக்கும் வோல்வோவிடம் போய்ச் சேர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் 1980ஆம் ஆண்டின் சட்டம் சரக்குப் போக்குவரத்தின் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. கட்டணப் போட்டி கடுமையாகி, லாரி வாங்குவோர் ஒவ்வொரு காசையும் எண்ணத் தொடங்கினர். அதே ஆண்டில் ஒயிட் மோட்டார் திவாலானது. அதன் லாரித் தொழிலை மறு ஆண்டே வோல்வோ வாங்கிக்கொண்டது.

இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரின் வீழ்ச்சியில் அயல்நாட்டார் எவருக்கும் பங்கில்லை. 1979-80இல் 172 நாள் நீடித்த வேலைநிறுத்தம், கடன்சுமை, வேளாண் பொறித் தொழிலின் சரிவு ஆகியவை அதை முறித்தன. வேளாண் பிரிவை டென்னகோவுக்கு விற்றுவிட்டு, 1986இல் நாவிஸ்டார் என்று பெயர் மாற்றிக்கொண்டு லாரி நிறுவனமாக மட்டும் உயிர்பிழைத்தது. நடுத்தர எஞ்சின்களில் அதற்கு நல்ல பெயர் இருந்தது. பெரிய லாரிகளுக்குக் கம்மின்ஸையும் கேட்டர்பில்லரையும் நம்பியிருந்தது.

கம்மின்ஸைப் பற்றிப் பேசாமல் இந்த விவாதம் நிறைவு பெறாது. எளிய விளக்கங்களை அதிகம் சங்கடப்படுத்துவதும் அதுதான். 1919இல் இண்டியானா மாநிலத்தின் கொலம்பஸ் என்னும் சிற்றூரில் தொடங்கிய இந்த நிறுவனம், 1980களில் ஜப்பானியப் போட்டிக்கு அஞ்சி விலைகளைக் கணிசமாகக் குறைத்து, இலாபத்தை இழந்தும் சந்தையைக் காத்துக்கொண்டது. பங்கு விலை தாழ்ந்ததும் வேட்டையாடுவோர் வந்தனர். முதலில் பிரிட்டனின் ஹான்சன். 1989இல் ஜே. இர்வின் மில்லரின் குடும்பம் 7.2 கோடி டாலர் சொந்தப் பணத்தைக் கொடுத்து ஹான்சனின் பங்குகளை வாங்கியது. ஓராண்டுகூட நிம்மதியில்லை, ஹாங்காங்கைத் தளமாகக் கொண்ட முதலீட்டு நிறுவனம் ஒன்று ஏறத்தாழ 15 விழுக்காடு பங்குகளைச் சேர்த்துவிட்டது. 1990இல் ஃபோர்டு, டென்னகோ, குபோடா ஆகிய மூன்றும் சேர்ந்து 25 கோடி டாலர் முதலிட்டு நான்கில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமான உரிமையைப் பெற்றபோதுதான் முற்றுகை தளர்ந்தது. இதில் குபோடா ஜப்பானிய நிறுவனம். அதாவது, அமெரிக்காவில் இன்றளவும் தனித்து நிற்கும் கனரக எஞ்சின் நிறுவனம் தப்பியதில் அயல்நாட்டு முதலுக்கும் பங்குண்டு. நம் நாட்டு வாசகர்களுக்கு இன்னொன்றும் நினைவிருக்கலாம்: 1962இலேயே கிர்லோஸ்கருடன் சேர்ந்து புணேயில் எஞ்சின் செய்யத் தொடங்கிய நிறுவனம் இது. பிறரின் மண்ணில் தொழில் நடத்தும் பழக்கம், தன் மண்ணைத் தாண்டிச் செலவைப் பகிரும் பழக்கம், அதற்கு முன்பே இருந்தது.

செலவைப் பகிர்தல் ஏன் உயிர்ப் பிரச்சினை ஆயிற்று என்பதற்கு உமிழ்வு விதிகளின் வரலாற்றுக்குள் போக வேண்டும். டீசல் எஞ்சினில் எரிதலின் வெப்பம் உயர்ந்தால் எரிபொருள் மிச்சமாகும். ஆனால் நைட்ரஜன் ஆக்சைடுகளும் பெருகும். ஒன்றைக் குறைத்தால் மற்றது கெடும். 1990களில் எஞ்சின் கணினிகள் இந்த முடிச்சைத் தந்திரமாக அவிழ்த்தன: சோதனையின்போது விதிக்குள் அடங்கி, நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓடும்போது எரிபொருள் மிச்சத்தின் பக்கம் சாய்ந்தன. 1998இல் கேட்டர்பில்லர், கம்மின்ஸ், டெட்ராயிட் டீசல், மாக், நாவிஸ்டார், ரெனோ, வோல்வோ ஆகிய ஏழு நிறுவனங்கள் அமெரிக்க அரசுடன் உடன்பாட்டுக்கு வந்தன. தொடர்புடைய எஞ்சின்கள் சுமார் 13 லட்சம், அபராதம் 8.34 கோடி டாலர். பிற கடப்பாடுகளையும் சேர்த்தால் நூறு கோடி டாலருக்கு மேல். உள்நாட்டவர், அயல்நாட்டவர் என்ற வேறுபாடு அந்தப் பட்டியலில் இல்லை என்பதையும் கவனிக்கலாம்.

அபராதத்தைவிடக் கொடியது காலக்கெடு. 2004க்கு உரிய தரநிலையை 2002 அக்டோபரிலேயே எட்ட வேண்டியதாயிற்று. அதைத் தொடர்ந்து 2007, 2010 என இரண்டு கடும் படிகள். ஒவ்வொரு படிக்கும் எஞ்சினை ஏறக்குறைய புதிதாக வரைய வேண்டும். பல கண்டங்களில் விற்பவர் அந்தச் செலவைப் பல லட்சம் எஞ்சின்கள்மீது பரப்பலாம். ஒரே நாட்டின் நெடுஞ்சாலையை நம்பியவர் என்ன செய்வார்? கேட்டர்பில்லர் 2002 கெடுவைத் தவறவிட்டு ஒவ்வோர் எஞ்சினுக்கும் தண்டம் கட்டியது. பின்னர் தனக்கே உரிய தொழில்நுட்பத்தோடு திரும்பியது. 2008இல் நெடுஞ்சாலை எஞ்சின் தொழிலை விட்டே விலகுவதாக அறிவித்தது. சந்தையில் முன்னணியில் இருந்த ஒரு பெயர், எவராலும் வாங்கப்படாமல், தானாகவே வெளியேறியது. சுரங்கப் பொறிகளிலும் மண்ணகழ் பொறிகளிலும் அதற்கு வேறு வாழ்வு இருந்தது.

நாவிஸ்டார் எடுத்த முடிவு இன்னும் துயரமானது. 2010 தரநிலைக்காக மற்ற அனைவரும் கழிவுவாயுவில் யூரியாக் கரைசலைத் தெளித்து நைட்ரஜன் ஆக்சைடுகளைச் சிதைக்கும் வழியைத் தேர்ந்தபோது, நாவிஸ்டார் மட்டும் கழிவுவாயுவை எஞ்சினுக்குள்ளேயே அதிகமாக மறுசுழற்சி செய்து சமாளிக்கலாம் என்று நம்பியது. வாடிக்கையாளருக்கு யூரியாத் தொல்லை இல்லை என்பது அதன் விளம்பரம். நடைமுறையில் தரநிலையை எட்ட முடியவில்லை. எஞ்சின்கள் பழுதாகி உத்தரவாதச் செலவு பெருகியது. 2012இல் வழியை மாற்றி, மீண்டும் கம்மின்ஸ் எஞ்சினை வாங்கிப் பொருத்தத் தொடங்கியது. தோற்ற அந்தக் கனரக எஞ்சினின் அடிப்படை வடிவமும் ஜெர்மனியின் மான் நிறுவனத்திடமிருந்து வந்தது என்பது இக்கதையின் கசப்பான உள்ளடுக்கு. ஃபோக்ஸ்வாகன் 2016இல் 16.6 விழுக்காடு பங்கு பெற உடன்பாடு செய்தது. 2021 ஜூலையில் சுமார் 370 கோடி டாலருக்கு முழுவதையும் டிராட்டன் எடுத்துக்கொண்டது.

இன்று மிச்சிகனின் ரெட்ஃபர்டில் டிடி15 எஞ்சின் உருவாகிறது. அதன் தளம் மெர்சிடிஸுக்கும் ஜப்பானின் ஃபூஸோவுக்கும் பொது. மேரிலாந்தின் ஹாகர்ஸ்டவுனில், 1961இல் மாக் திறந்த அதே ஆலையில், மாக் பெயரிலும் வோல்வோ பெயரிலும் வெளிவருபவை ஒரே குடும்பத்து எஞ்சின்கள். அலபாமாவின் ஹண்ட்ஸ்வில்லில் இன்டர்நேஷனல் எஸ்13. அதன் மூலம் ஸ்கானியா. சரி, கென்வொர்த்தும் பீட்டர்பில்ட்டும் அமெரிக்க உரிமையில்தானே இருக்கின்றன? அவற்றின் உரிமையாளரான பேக்கார் 1996இல் நெதர்லாந்தின் டாஃப் நிறுவனத்தை வாங்கியது. இன்று அந்த லாரிகளுக்குள் பேக்கார் பொருத்தும் எம்எக்ஸ்-13, டாஃப் வரைந்த எஞ்சின். மிசிசிப்பி மாநிலத்தின் கொலம்பஸில் அதைச் செய்கிறார்கள். கம்மின்ஸின் கொலம்பஸ் வேறு. வாங்கியவர் அமெரிக்கர், வாங்கப்பட்டவர் ஐரோப்பியர். விளைவு மட்டும் ஹாகர்ஸ்டவுனில் நேர்ந்ததேதான்.

ஆகவே உரிமையாளரின் கடவுச்சீட்டை வைத்து இந்த வரலாற்றை எழுத முடியாது. ஆலைகள் மிஞ்சின, பணிகளில் ஒரு பகுதியும் மிஞ்சியது. போனவை வேறு இரண்டு. ஒன்று, பட்டியலிலிருந்து எஞ்சினைத் தேரும் உரிமை: ஒற்றை லாரி வைத்துப் பிழைக்கும் உரிமையாளர்-ஓட்டுநருக்கு நிறுவனங்களோடு பேரம்பேச இருந்த வலிமை அது. இன்று எந்த லாரியிலும் தெரிவு பெரும்பாலும் இரண்டாகச் சுருங்கிவிட்டது: லாரி நிறுவனத்தின் சொந்த எஞ்சின், இல்லையேல் கம்மின்ஸ். மற்றொன்று, தொடக்க வரைபடத்தை இடும் அதிகாரம். மேக்ஸிடைனை வரைந்தவர்கள் தங்கள் கியர்பெட்டியையும் தங்கள் மலைச்சாலையையும் முன்னிறுத்தி முடிவெடுத்தனர். பொதுத்தளம் ஒன்றை ஒரு நாட்டின் விதிக்கேற்பத் திருத்தும் பொறியாளர் திறமையில் குறைந்தவர் அல்லர். அவருக்குக் கிடைக்கும் கேள்விகள்தாம் சிறியவை. எந்தப் புள்ளிவிவர அட்டவணையிலும் பதிவாகாத இழப்பு இது. பணியிட எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் ஆய்வுகள் இதைத் தவறவிடுகின்றன.

இந்த அதிகாரம் ஒரே திசையில்தான் நகரும் என்றும் கருத வேண்டியதில்லை. 2021 பிப்ரவரியில் டைம்லர், தன் நடுத்தர லாரிகளுக்கான எஞ்சின்களை இனித் தானே உருவாக்கப் போவதில்லை என்று முடிவெடுத்து, அப்பொறுப்பைக் கம்மின்ஸிடம் ஒப்படைப்பதாக அறிவித்தது. ஜெர்மனியின் மான்ஹைமில், மெர்சிடிஸின் பழம்பெரும் எஞ்சின் ஆலை வளாகத்துக்குள்ளேயே, இண்டியானாவின் நிறுவனம் தன் எஞ்சின்களைச் செய்வதற்கான ஏற்பாடு அது.