இரண்டு சுற்றுக்கு ஒரு வெடி: ஸ்டார்ட் ஆகாத கோமெட் லாரியும் டீசல் எஞ்சினின் கதையும்

இந்த வாரம் கோடிங் இல்லை, ஸ்டார்ட்அப் இல்லை. ஒரு லாரி. அதுவும் ஓடாத லாரி.

சங்ககிரி பக்கம் எங்க சித்தப்பா வீட்டு வேப்பமரத்தடியில பல வருஷமா ஒரு பழைய லேலண்ட் கோமெட் நிக்குது. அவர் முதன்முதலா சொந்தமா வாங்கின வண்டி. போன வருஷம் திடீர்னு ஒரு வைராக்கியம் வந்து, எஞ்சினை இறக்கி முழு வேலை பார்த்தார். புது லைனர், புது பிஸ்டன், புது ரிங், கிராங்க் கிரைண்டிங், எல்லாமே. பொங்கல் லீவுக்கு நான் போனப்போ எஞ்சினை மாட்டி முடிச்சாச்சு, ஃப்யூயல் பம்ப் மட்டும் பாக்கி. "நீ எஞ்சினியர்தானே, வா"ன்னு கூப்பிட்டார். நான் கம்ப்யூட்டர் சயின்ஸ்னு சொன்னா அவர் கணக்குல அது சாக்கு.

பம்ப் மாட்டினோம். செல்ஃப் அடிச்சோம். எஞ்சின் நல்லா சுத்துது, ஆனா பிடிக்கல.

ஒரு டீசல் எஞ்சின் உயிர் பெற மூணே விஷயம் போதும்: அழுத்தம், எரிபொருள், நேரம். ஸ்பார்க் பிளக் கிடையாது. இந்த மூணும் மூணு வெவ்வேறு காலத்துல, வெவ்வேறு ஆட்கள் மண்டையை உடைச்சுக்கிட்டுத் தீர்த்த பிரச்சினைகள். எங்க லாரியில கோளாறு தேடினது, அந்த வரலாற்றுக்குள்ள பின்னோக்கி நடந்த மாதிரிதான் இருந்தது.

முதல்ல அழுத்தம். காற்றைப் பதினாறு மடங்கு அளவுக்கு நெருக்கினா அது 500 டிகிரிக்கு மேல சூடாகும். அதுக்குள்ள டீசலைத் தெளிச்சா தானா எரியும். ருடால்ஃப் டீசலோட அடிப்படை யோசனை இதுதான். 1893 ஆகஸ்ட்டில் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத் தொழிற்சாலையில் அவருடைய முதல் சோதனை எஞ்சின் ஒரு வெடிப்பைக் காட்டியது. அந்த வேகத்தில் அழுத்தம் அளக்கும் கருவியே சிதறிப் போனது. எஞ்சின் ஓடவில்லை, ஆனால் யோசனை சரி என்பது தெரிந்துவிட்டது. அடுத்த வருஷம் பிப்ரவரியில் அது சொந்தமாகச் சுமார் ஒரு நிமிடம் ஓடியது. நம்பி விற்கும்படியான எஞ்சின் வர 1897 ஆயிற்று. அதன் திறன் சுமார் 26 சதவீதம். அன்றைய நீராவி எஞ்சின்களால் இந்த எண்ணை நெருங்கவே முடியவில்லை. நாலு வருஷம் அவர் செய்தது கிட்டத்தட்ட முழுக்க டிரபிள்ஷூட்டிங்தான்.

இரண்டாவது எரிபொருள். டீசலோட அந்த எஞ்சினை லாரியில வைக்க முடியாது. காரணம், எரிபொருளைச் சிலிண்டருக்குள்ள ஊதித் தள்ள ஒரு பெரிய ஏர் கம்ப்ரஸர் கூடவே வேணும். கப்பலுக்கும் மின் நிலையத்துக்கும் அது சரி, ரோட்டுக்குச் சரிவராது. 1923, 24 வாக்கில் பென்ஸ், மான் கம்பெனிகள் கம்ப்ரஸர் இல்லாத டீசல் லாரிகளைக் கொண்டுவந்தன. ஆனால் இது பரவக் காரணம் ராபர்ட் போஷ் கம்பெனியின் இன்ஜெக்ஷன் பம்ப். 1922இல் வேலையை ஆரம்பித்து, 1927இல் அதைத் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்தார்கள். சிலிண்டருக்கு ஒரு குட்டி பிளஞ்சர். அதுக்கும் அதன் உறைக்கும் நடுவே சில மைக்ரான் இடைவெளிதான். அந்தத் துல்லியத்தைப் பல ஆயிரம் எண்ணிக்கையில ஒரே மாதிரி செய்ய முடிஞ்சதும், டீசல் ரோட்டுக்கு வந்துடுச்சு. 1951இல் போஷ் துணையோடு மைக்கோ கம்பெனி தொடங்கியது. நம்ம ஊர் மெக்கானிக்குகள் இன்னைக்கும் "மைக்கோ பம்ப்"னுதான் சொல்வாங்க.

எங்க லாரியில முதல் நாள் புகையே வரல. புகை இல்லைன்னா டீசல் உள்ள போகலைன்னு அர்த்தம். லைன்ல காற்று மாட்டியிருக்கு. காற்று நசுங்கும், டீசல் நசுங்காது. குழாய்ல ஒரு குமிழி இருந்தாலும் பிளஞ்சர் அந்தக் குமிழியைத்தான் நசுக்கிக்கிட்டே இருக்கும், நாசில் திறக்காது. கை பிரைமரை அடிச்சு, ஃபில்டர்ல, பம்ப்ல, கடைசியா நாசில் பைப் நட்டுகள்ல, ஒவ்வொண்ணா லூஸ் பண்ணி ஏர் எடுத்தோம். அரை நாள் போச்சு. திரும்பவும் செல்ஃப் அடிச்சா சைலன்சர்ல கெட்டியா வெள்ளைப் புகை. ஆனா எஞ்சின் பிடிக்கல.

இங்கதான் பிரச்சினை ஆரம்பம். வெள்ளைப் புகைன்னா டீசல் போகுது, எரியல. சித்தப்பா உடனே தீர்ப்பு சொல்லிட்டார்: "கம்ப்ரஷன் இல்ல. லேத்துக்காரன் போரிங்கைக் கெடுத்துட்டான்." அந்த லேத்காரருக்குக் கூலியில பாதி பாக்கி. "ஒரு பைசா தர மாட்டேன்"னுட்டார். கூடவே, எடைக்குப் போட ஒரு பழைய இரும்பு வியாபாரிக்கு போனும் போட்டாச்சு.

இதைக் கேட்டு எனக்கு வயித்தைக் கலக்குச்சு. அது வெறும் இரும்பு இல்லையேன்னு தோணுச்சு. கோமெட்டுக்கும் நம்ம ஊருக்கும் உள்ள உறவு அப்படி. இங்கிலாந்தில் லேலண்ட் கம்பெனி கோமெட்டை 1947இல் கொண்டுவந்தது. அடுத்த வருஷம் ரகுநந்தன் சரண், ஆஸ்டின் கார்களைப் பூட்ட அசோக் மோட்டார்ஸைத் தொடங்கினார். தொழிற்சாலை எண்ணூரில். 1951இல் அங்கே பூட்டப்பட்ட முதல் லேலண்ட் வண்டிகள் நாலு கோமெட் டிப்பர்கள். வாங்கியது மங்களூரில் ஒரு ஓட்டுத் தொழிற்சாலை. அந்த 350 என்பது எஞ்சினோட கொள்ளளவு, கன அங்குலத்தில். நம்ம கணக்குக்குச் சுமார் 5.7 லிட்டர். 1955இல் லேலண்ட் முதலீடு செய்ய, பெயர் அசோக் லேலண்ட் ஆனது. அதுக்கு முந்தின வருஷம்தான் டாடா-மெர்சிடிஸ் லாரியும் வந்திருந்தது. சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் மழையை நம்பி விவசாயம் பார்த்த பல குடும்பங்கள் ஸ்டியரிங் பிடிச்சது இந்த இரண்டு எஞ்சின்களை நம்பித்தான். சித்தப்பாவும் அதுல ஒருத்தர்.

மூணாம் நாள் பக்கத்து ஊர்ல இருந்து ஒரு வயசான மெக்கானிக் வந்தார். எதையும் கழட்டல. முதல்ல ஒரு பாரைப் போட்டு எஞ்சினைக் கையால மெதுவா சுத்தச் சொன்னார். ஆறு சிலிண்டரும் வரிசையா முட்டிச்சு, ஆறும் ஒரே மாதிரி. "கம்ப்ரஷன் நல்லாத்தாங்க இருக்குது. லேத்துக்காரன் மேல குத்தம் சொல்லாதீங்க"ன்னார். அப்புறம் என்னைப் பார்த்து, "பம்ப் யாருங்க தம்பி மாட்டுனது?"

நான்தான்.

டாப்பெட் கவரைக் கழட்டச் சொன்னார். ஃப்ளைவீல் குறியை முள்ளுக்கு நேரா வைக்கச் சொன்னார். "இப்ப ஒண்ணாம் நம்பர் வால்வைப் பாருங்க கண்ணு." கிராங்கைக் கொஞ்சம் முன்ன பின்ன அசைச்சதும் ஒண்ணாம் நம்பர் வால்வு இரண்டும் ஆடுச்சு. ஒண்ணு மூடுது, இன்னொண்ணு திறக்குது. "ஒண்ணு ஆடுனா ஆறுதானுங்க கம்ப்ரஷன்ல இருக்குது. ஆறு ஆடுனாத்தான் ஒண்ணுக்கு டீசல் அடிக்கோணும்."

அப்போதான் எனக்கு உறைச்சது. இது 1876இல் நிக்கோலஸ் ஓட்டோ கட்டின நாலு ஸ்ட்ரோக் சுழற்சி. உறிஞ்சு, நெருக்கு, வெடி, வெளியே தள்ளு. இந்த நாலும் முடிய கிராங்க் இரண்டு சுற்று சுத்தணும், அதாவது 720 டிகிரி. ஆனா ஃப்ளைவீல் குறி ஒவ்வொரு 360 டிகிரிக்கும் வருது. பிஸ்டன் மேலே இருக்குன்னு குறி சொல்லும், எந்தச் சுற்றுல மேலே இருக்குன்னு சொல்லாது. நான் முதல் தடவை குறி தெரிஞ்சதுமே பம்ப்பைப் பூட்டிட்டேன். விளைவு, டீசல் சரியா ஒரு சுற்று தள்ளி, வெளியேற்ற ஸ்ட்ரோக்கோட கடைசியில தெளிச்சுக்கிட்டு இருந்தது. அங்கே நெருக்கமே கிடையாது. எரியாத டீசல் அப்படியே வெள்ளைப் புகையா வெளியே போச்சு.

நேரம் எவ்வளவு முக்கியம்னு ஒரு கணக்கு. நிமிடத்துக்கு 1500 சுற்றுன்னா ஒரு சுற்றுக்கு 40 மில்லி செகண்ட். அதுல 20 டிகிரிங்கறது இரண்டு மில்லி செகண்ட் சொச்சம். கிட்டத்தட்ட அவ்வளவு சின்ன ஜன்னலுக்குள்ள டீசல் தெளிச்சு எரிய ஆரம்பிக்கணும். நான் 360 டிகிரி தள்ளி வச்சிருந்தேன்.

பெரியவர் பம்ப் கப்ளிங்கைக் கழட்டி, கிராங்கை மட்டும் சரியா ஒரு சுற்று சுத்தி, ஆறாம் நம்பர் ஆடுதான்னு பார்த்து மறுபடி பூட்டினார். மூணு நாளா எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியா கீழே இறங்கி ஆயிலோட கலந்திருக்கும்னு ஆயிலையும் ஃபில்டரையும் மாத்தச் சொன்னார். ஸ்டாப் லிவரை இழுத்து வச்சு, டீசல் போகாம செல்ஃப் அடிச்சு, ஆயில் பிரஷர் முள் ஏறின பிறகுதான் லிவரை விட்டார். எஞ்சின் கட்டுக்கடங்காம வேகம் எடுத்தா காற்றை அடைக்க, ஏர் இன்டேக் பக்கத்துல ஒரு பலகையோட என்னை நிறுத்தினார். அதுக்கு வேலை வரல. நாலாவது சுத்துல ஒரு சிலிண்டர் அடிச்சது, அப்புறம் இரண்டு, அப்புறம் ஆறும். வேப்பமரத்துக் காக்கா மொத்தமும் பறந்துச்சு.

சித்தப்பா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. இரும்பு வியாபாரிக்கு வர வேண்டாம்னு போன் பண்ணினார். அப்புறம் சட்டையை மாட்டிக்கிட்டு, "வண்டியை எடு"ன்னார். என் பைக்லதான் போனோம், லேத் பட்டறைக்கு. பாக்கிக் கூலியைக் கையில கொடுத்துட்டு, "தப்பு எங்க பக்கம்தானுங்க"ன்னார். லேத்காரர் பணத்தை எண்ணாம பாக்கெட்ல வச்சுக்கிட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டார்: "ஆறும் சமமா அடிக்குதுங்களா?"

அடிக்குதுன்னு நான்தான் சொன்னேன்.

ஆபீஸ்ல எத்தனையோ தடவை நான் சேர்த்த ஒரு வரி கோடுக்காக வேற டீமைக் குற்றம் சொல்லியிருக்கேன். அங்கே யாரோட கூலியும் நிக்கல. இங்கே நின்னுது. இப்போ எதையாவது பூட்டும் முன்னாடி ஒரு தடவை கேட்டுக்கறேன்: குறி சரி, சுற்று எது?

அடுத்த எபிசோட்ல சந்திப்போம் மக்களே. உங்க வீட்டுல இப்படி ஓடாம நிக்கற வண்டி இருந்தா, எடைக்குப் போடறதுக்கு முன்னாடி டாப்பெட் கவரை ஒரு தடவை கழட்டிப் பாருங்க.