கூரை மேய்ஞ்ச கைக்கு இப்ப மொட்டைமாடி வேலை

"வீட்டு வேலை முடிஞ்சுது"ன்னு ஒருத்தர் சொல்றது நம்ம களமருதூர் பக்கம் ஒரு நாப்பது அம்பது வருஷத்துக்குள்ள வந்த பேச்சு. அதுக்கு முன்னாடி பெரும்பாலான வீடுகளுக்கு வேலை முடியவே முடியாது. மண் சுவர், மேல கூரை. தென்னங்கீத்து போட்டா ஒரு வருஷம், மிஞ்சினா ரெண்டு. பனையோலை இன்னும் கொஞ்சம் தாங்கும். கரும்பு அதிகமான பிறகு தோகையையும் கனமா அடுக்கிக் கட்டினாங்க. எதைப் போட்டாலும் ஆடிக் காத்துக்கும் ஐப்பசி மழைக்கும் முன்னாடி ஒரு தடவை மேல ஏறிப் பார்த்தே ஆகணும்.

ஏறுறது யாரு? வளர்ந்த பிள்ளைங்கதான். வெளியூருக்கு வேலைக்குப் போன பையன், கட்டிக் கொடுத்த பொண்ணு, மருமகன் எல்லாரும் சித்திரை, வைகாசியில திருவிழாவை ஒட்டி ஊருக்கு வருவாங்க. அறுவடை முடிஞ்சு கையும் சும்மா இருக்கும் காலம் அது. ராத்திரி விருந்தாளியா வந்து இறங்கினவன் காலையில வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு மோட்டுல உக்காந்திருப்பான். கீழ இருந்து கீத்து எடுத்துக் கொடுக்க ஒருத்தர், கயித்தை வாங்கித் திருப்பி விட வீட்டுக்குள்ள ஒருத்தர். பக்கத்து வீட்டுக்காரங்களும் வருவாங்க. கூலி கிடையாது. இன்னைக்கு உன் கூரை, நாளைக்கு என் கூரை. பொண்ணுங்க சுவர்ல விழுந்த வெடிப்புக்குச் சேறு குழைச்சுப் பூசுவாங்க, தரைக்குச் சாணம் மெழுகுவாங்க. பழைய கூரையைப் பிரிக்கும்போது எரவாணத்துல சொருகி வச்சு மறந்துபோன அருவாளும் வரும், தேளும் வரும்.

இதை ஒரேடியா இனிப்பா நினைச்சுக்க வேண்டாம். பங்குனி வெயில்ல ஒரு அடுப்புப் பொறி போதும், வரிசையா நாலு வீடு போயிடும். 2011 டிசம்பர் 30 விடியக்காலையில கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரையேறின தானே புயல் என்ன பண்ணுச்சுன்னு அப்போ விழுப்புரம் மாவட்டத்துல இருந்த நமக்குச் சொல்லவேண்டியதில்ல. கூரை வீட்டுல அந்த மாதிரி ராத்திரியக் கழிச்சவன் யாரும் தளம் போட்ட வீட்டை வேணாம்னு சொல்லமாட்டான்.

நடுவுல ஓடு வந்துச்சு. சீமை ஓடுன்னு நாம சொல்றது மங்களூர்ல பாசல் மிஷன்காரங்க 1865-ல தொடங்கின ஓட்டுத் தொழிற்சாலை வழியா பரவினது. கொஞ்சம் வசதி இருந்தவங்கதான் வாங்கினாங்க. குரங்கு ஓடினா உடைஞ்ச ஓட்டை மாத்தணும், அவ்வளவுதான். அதுக்கு ஊரே கூட வேண்டியதில்ல.

உண்மையான மாற்றம் சிமென்ட்லதான். இன்னைக்கு கடைக்குப் போன் போட்டா மூட்டை வாசல்ல வந்து இறங்குது. ஆனா 1970-கள்ல சிமென்ட் விலையும் விநியோகமும் அரசாங்கத்தோட கையில இருந்துச்சு. பர்மிட் வாங்கணும், காத்திருக்கணும், இல்லன்னா கறுப்புல வாங்கணும். 1982 ஜனவரியில மகாராஷ்டிரத்துல ஒரு முதலமைச்சர் பதவி விலகினதே சிமென்ட் ஒதுக்கீட்டு விவகாரத்துலதான்னா பாத்துக்குங்க. அந்த வருஷம் பிப்ரவரி 28-ல கட்டுப்பாட்டைப் பாதி தளர்த்தினாங்க. 1989 மார்ச் 1-ல முழுசா எடுத்துட்டாங்க. நம்ம பக்கத்துல மாடிக் கைப்பிடிச் சுவர்ல வருஷம் எழுதி வைக்கிற வழக்கம் உண்டே, என் கண்ணுல பட்டது பெரும்பாலும் அதுக்கு அப்புறமான வருஷம்தான்.

பணம் இல்லாதவங்களுக்கு அரசாங்க வீடு. 1985-86-ல இந்திரா குடியிருப்புத் திட்டம் வந்துச்சு, நாம தொகுப்பு வீடுன்னே சொல்லிப் பழகிட்டோம். 2010-ல கலைஞர் வீட்டு வசதித் திட்டம், 21 லட்சம் குடிசைகளை ஆறு வருஷத்துல மாத்துறதா பேச்சு. ஆட்சி மாறினதும் 300 சதுர அடி பசுமை வீடு. 2024-ல கலைஞர் கனவு இல்லம், 360 சதுர அடி, மூன்றரை லட்சம் ரூபா.

இதுல எனக்கு முக்கியமா படுறது 2016-ல வந்த பிரதமர் வீடு திட்டத்துல உள்ள ஒரு விதி. சமவெளியில வீட்டுக்கு 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபா. அது போக, சொந்த வீட்டைக் கட்ட உழைக்கிறதுக்கு நூறு நாள் வேலைக் கணக்குல 90 நாள் கூலி. அப்பனும் பிள்ளையும் மண்ணு சுமக்கிறதும் வேலைதான்னு ஒரு அரசாங்கக் கணக்குப் புத்தகம் ஒத்துக்கிட்டுச்சு. நம்ம சொந்தக்காரங்களே அதை ஒத்துக்க மாட்டாங்க, "சும்மாதானே இருக்காரு, செய்யட்டும்"பாங்க.

தளம் வந்ததும் பிள்ளைங்க வந்து ஏற வேண்டிய கூரை இல்லாம போச்சு. பொங்கலுக்கு வர்றாங்க, சாப்பிடுறாங்க, போனைப் பாக்குறாங்க, மூணாம் நாள் பஸ் ஏறிடுறாங்க. ஆனா வேலை தீந்துடல, திசைதான் மாறிடுச்சு. இப்ப நாம அவங்க வீட்டுக்குப் போறோம். சென்னை ஓரத்துலயோ பெங்களூர்லயோ கடன் போட்டு வாங்கின வீடு. ரெண்டாவது மழைக்கே படுக்கை அறை மேல ஈரம் ஊறும்.

அங்க போற விவசாயி அப்பனுக்கு என்ன தெரியும்னு நினைக்கிறாங்க. மொட்டைமாடிக்குத் தேவையான ரெண்டு விஷயமும் நம்ம வயல்ல இருக்கிறதுதான். ஒண்ணு வாட்டம். கொத்தனாரும் இதே வார்த்தையைத்தான் சொல்றாரு. ரெண்டு குடம் தண்ணியை ஊத்திட்டு நின்னு பாத்தா அது குழாய்க்கு ஓடுதா, மூலையில தேங்குதான்னு தெரிஞ்சுடும். சந்தேகம்னா கண்ணாடி டியூப்ல தண்ணி நிரப்பி ரெண்டு பக்கமும் மட்டம் பாக்கலாம். அந்தக் காலத்து மாடியில செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடிச்சு, மேல தட்டோடு பதிச்சதெல்லாம் இந்த வாட்டத்துக்கும் வெயிலுக்கும் சேத்துதான். தேங்குற இடத்தைச் சரி பண்ணாம, டப்பாவுல வர்ற பூச்சை மட்டும் அடிச்சா அடுத்த மழைக்குத் திரும்ப ஊறும்.

இன்னொண்ணு தண்ணி கட்டுறது. புதுத் தளத்து மேல கலவையால வரப்பு போட்டு, பாத்தி பாத்தியா தண்ணி நிறுத்துவாங்க. சாதா சிமென்ட்டுக்குக் குறைஞ்சது 7 நாள். சாம்பல் கலந்து வர்ற சிமென்ட்டுக்கு 10 நாள். கான்ட்ராக்ட் ஆள் மூணாம் நாளே அடுத்த சைட்டுக்குப் போயிடுவான். மிச்ச நாள் வேளாவேளைக்கு ஏறி இறங்கி, பாத்தி காயாம பாத்துக்க நம்மளவிடத் தோதான ஆள் யாரு?

பையன் வீடுன்னா சிக்கல் இல்ல. பொண்ணு வீட்டுலதான் சங்கடம். சம்பந்தி பார்க்க சட்டி தூக்கினா மருமகனுக்குக் கூச்சம்.

"மாமா, நீங்க உக்காருங்க. ஆள் விட்டுப் பாத்துக்கலாம்."

"ஆள் வரட்டும் மாப்ள, நான் சும்மா பாத்துக்கிட்டு நிக்கிறேன்."

அந்த "சும்மா பாத்துக்கிட்டு நிக்கிறது"ல பாதி தளத்துக்கு அவர் தண்ணி ஊத்தி முடிச்சிருப்பாரு. ஒரு காலத்துல மருமகன் மாமனார் கூரையில ஏறினான், யாரும் அதைக் கௌரவக் குறைச்சலா நினைக்கல. கூலி ஆள் விட்டுச் செய்யிற வேலையா அது மாறினதும் வெக்கமும் கூடவே வந்துடுச்சு.

இந்தக் கோடையில பிள்ளைங்க வீட்டுக்குப் போறவங்க பையில ஒரு கரண்டி, ரசமட்டம், பத்தடி கண்ணாடி டியூப் போட்டுக்குங்க. பலகாரத்துக்கு அடியில வச்சா பாட்டிமாருக்கும் தெரியாது.